பார்வை எட்டும் நிலம்

…தூங்கக் கூடாது, கண்ணை மூடினால் முடிந்தது, இந்த வியர்வைக் காய்ச்சலுக்கு இருக்கிற ஒரே சட்டம் அது, ஒரு பகலும் ஓர் இரவும் விழித்தபடியே கிடந்து கடந்துவிட்டவன் பிழைத்துக்கொள்கிறான், நடுவில் கண்ணயர்ந்தவனை யாராலும் எழுப்ப முடிவதில்லை, அதனால்தான் சிசிலி இப்படி அறைகிறாள், கன்னத்தில், கொஞ்சமும் தயங்காமல், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கை தன்மேல் இவ்வளவு தாராளமாக விழுந்ததே இல்லை என்று ஆம்புரோஸ் ஹாட்ரெலுக்குச் சிரிப்புக்கூட வந்தது, ஆனால் சிரிக்க வாய் ஒத்துழைக்கவில்லை, உதட்டில் உப்பு. "ஏங்க, முழிச்சிக்கங்க. தூங்கினீங்கன்னா நானே கொன்னுடுவேன், ஆமா." மேலே இருப்பது எத்தனை கம்பளி என்று தெரியவில்லை, வீட்டில் உள்ளதெல்லாம் போலிருக்கிறது, ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகி, துளிக் காற்றும் படாமல் வியர்க்கவிட வேண்டுமாம், காற்றுப் பட்டால் வியர்வை உள்ளே திரும்பி இதயத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்… காலையில்தானே ஆற்றோரப் புல்வெளியில் நின்றிருந்தான், நல்ல உடம்போடு, முழங்கால் வரை ஈரப் புல், அறுப்பு எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கழுத்துப் பள்ளத்தில் குளிர்ந்த ஒரு சொட்டு இறங்கியது, பனி என்றுதான் நினைத்தான், அண்ணாந்து பார்த்தான், வானம் வெறுமையாக இருந்தது. புல் அறுப்பவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் அரிவாள்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஷ்ரூஸ்பரியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இல்லை.

வீட்டு ஆட்களைத் தவிர ஓடாத ஒரே ஆள் ஹியூ பாதிரியார், காடியில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, முழங்கால்மேல் பலகையும் காகிதமுமாகக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறார், பருத்த மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், முக்காலி அவருக்குக் கீழே முனகுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் சாகப்போகிறவர்கள் எல்லோருக்கும் உயில் எழுதும் கை அவருடையது. "முதல்ல ஆன்மா. அதை யாருக்குன்னு எழுதறது, ஐயா?" என்று கேட்டார். "கடவுளுக்குத்தான் சாமி, வேற யாருக்கு? ராஜாவுக்கா?" "அதில்லைங்க. பழைய ராஜா காலத்துல கடவுளுக்கு, மாதாவுக்கு, சகல புனிதர்களுக்குன்னு எழுதுவோம். இப்ப மாதாவைச் சேர்த்தா லண்டன்ல கோவிச்சுக்கறாங்க. சேர்க்கலைன்னா…" என்று கூரையைப் பார்த்தார். சிசிலி, "எதையாவது எழுதுங்க சாமி, அவருக்கு நிலத்தப் பத்திப் பேச மூச்சு வேணும்" என்றாள். உண்மைதான், ஆன்மாவுக்குச் செலவழிக்க மூச்சில்லை, அப்பா செலவழித்தாரே, தன் ஆன்மாவுக்காக வாரம் தவறாமல் பூசை வைக்க ஒரு பாதிரியாரையும் அவருக்குச் சோறு போட ஒரு பண்ணையையும் எழுதிவைத்துவிட்டுத்தானே போனார், உலகம் முடியும்வரை என்று எழுதியிருந்தது, உலகம் முடியவில்லை, நான்கு வருஷத்துக்கு முன் அரசருடைய ஆட்கள் வந்து அப்படிப்பட்ட பூசைகள் இனி கிடையாது என்று பண்ணையை எடுத்துக்கொண்டு போனார்கள், அப்போது பூசை பாதியில் நின்றதாம், அப்பா இப்போது எங்கே நின்றுகொண்டிருப்பார், யாராவது பாட்டின் மீதியைப் பாடுவார்கள் என்று காத்துக்கொண்டா… இதுதான், செத்தவன் சொன்னதை யார் காப்பாற்றுகிறார்கள், செத்தவன் எழுந்து வந்து கேட்கவா போகிறான்?

ஆனால் நிலத்துக்கு அப்பா செய்த ஏற்பாடு வேறு, அதை நினைத்தால் இந்தச் சூட்டிலும் மனம் நிமிர்ந்து உட்காருகிறது, என்ன அழகான பொறி அது. அந்தக் காலத்தில் நிலத்தை உயிலில் எழுதவே முடியாது, நிலம் தானாக மூத்த மகனுக்குப் போகும், மகள்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது, மகன் சின்னவனாக இருந்துவிட்டால் மேலே இருக்கிற பிரபு வந்து பையனையும் நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வார். அப்பா என்ன செய்தார், உயிரோடு திடமாக இருக்கும்போதே நிலத்தை நான்கு நண்பர்கள் பேருக்குக் கொடுத்துவிட்டார், சட்டப்படி நிலம் அவர்களுடையது, ஆனால் உழுவதும் அறுப்பதும் இவர்தான், இவர் செத்தபின் யாருக்கு என்ன என்று இவர் சொல்லிவைத்தபடி அவர்கள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நான்கு பேர் ஒரே நாளில் சாக மாட்டார்கள் இல்லையா, ஒருவர் போனால் மீதிப் பேர் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வார்கள், ஆக நிலத்துக்குச் சொந்தக்காரன் சாவதே இல்லை, சாவு இல்லாத இடத்தில் பிரபு எந்த வாசலில் வந்து நிற்பார்? அந்தப் பொறி அப்பாவுக்கு ஓடியது, ஆம்புரோஸின் தங்கைகள் அதில்தான் கல்யாணமாகிப் போனார்கள். பிறகு பழைய அரசர் ஒரே ஒரு சட்டம் போட்டார், எவன் அறுக்கிறானோ அவனே சொந்தக்காரன் என்று, நாடு முழுக்க அந்த நான்கு நான்கு பேர்களும் ஒரே நாளில் செத்துப்போனது மாதிரி ஆயிற்று, நிலக்காரர்கள் எல்லாம் குமுறினார்கள், வடக்கே கலகம்கூட வந்தது, கடைசியில் அரசர் கொஞ்சம் இறங்கி, சரி, உயிலில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் என்னிடம் போர்ச்சேவைக்கு நிலம் வாங்கியவன் மூன்றில் ஒரு பங்கைத் தொடக் கூடாது, அவன் மகன் சின்னவனாக இருந்தால் பையன் என்னுடையவன் என்றார்…

"ஏங்க! கண்ணு!" கன்னத்தில் ஓர் அறை. "முழிச்சிட்டுத்தான் இருக்கேன்டி." "யோசிக்கிறேன்னு சொல்லிக் கண்ணை மூடுவீங்க, எனக்குத் தெரியாதா? சர்ச்சுல அப்படித்தானே தூங்குவீங்க. சாமியே பார்த்திருக்காரு." "பார்த்திருக்கேன்மா, குறட்டைகூட நல்ல சுருதிதான்" என்றார் பாதிரியார். இவர்கள் சிரிக்கிறார்களா, சிரிக்கட்டும். கீழே முற்றத்தில் கைல்ஸின் குரல், கோழியைத் துரத்துகிறானா, ஒன்பது வயது, அப்பா அறைக்கு வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவனும் கீழ்ப்படிந்துவிட்டான், அழுது அடம்பிடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஏன் தோன்றுகிறது.

ஹாட்ரெல்களின் நிலம் போர்ச்சேவை நிலம் இல்லை. எல்லாமே கையுறை நிலம், அதாவது கோடை நடுவில் லட்லோ பக்கத்துப் பிரபுவுக்கு ஒரு ஜோடி தோல் கையுறை கொடுத்துவிட்டால் முடிந்தது கணக்கு. அப்படிப்பட்ட நிலத்தில் தகப்பன் செத்தால் பையன் யாரிடம் போவான் தெரியுமா, நெருங்கிய சொந்தத்தில் எவருக்கு அந்தச் சொத்து எந்நாளும் வராதோ அவரிடம், அதாவது பெற்றவளிடம், சித்தப்பனிடம் இல்லை, ஏனென்றால் பையன் செத்தால் சித்தப்பனுக்கு லாபம், அம்மாவுக்கு நஷ்டம் மட்டும்தான், இந்தச் சட்டத்தை எழுதியவன் மனிதர்களை எவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறான்! அப்படியே விட்டிருந்தால் இப்போது நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கலாம். ஆனால் ஆற்றோரப் புல்வெளி வேண்டும் என்று ஆசைப்பட்டான். மடத்துத் துறவிகள் வைத்திருந்த புல்வெளி, குளிர்காலத்தில் செவர்ன் ஆறு ஏறி வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகும், ஊரில் எங்கும் புல் முளைக்குமுன் அங்கே முளைத்துவிடும், மடங்களை மூடி அரசர் நிலங்களை விற்றபோது மகள்கள் டொரத்திக்கும் பார்பராவுக்கும் சீதனம் இந்த வைக்கோலிலிருந்தே வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வாங்கினான், பெண்களுக்காகத்தானே, கடவுளே, பெண்களுக்காக. பத்திரத்தில் ஒரு வரி இருந்தது, இந்த நிலம் அரசரிடமிருந்தே நேராக, ஒரு போர்வீரனின் நாற்பதில் ஒரு பங்குச் சேவைக்கு என்று. அதைப் படித்துவிட்டு மேசையில் எல்லோரும் சிரித்தார்கள், நாற்பதில் ஒரு பங்கு வீரன் என்றால் எது, இடது கால் சுண்டுவிரலா, சிசிலியின் அண்ணன் ரேஃப்தான் கேட்டான், போர் வந்தால் மச்சான் சுண்டுவிரலை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார் என்று. சிரித்தான், ஆனால் ரேஃபுக்குத் தெரிந்திருக்கிறது, ரேஃப் அந்த வரியைத் தெரிந்தேதான் சிரித்திருக்கிறான்… அந்தச் சுண்டுவிரல் போதும். அரசரிடமிருந்து நேராக அப்படி ஒரு முழம் நிலம் வைத்திருந்தாலும் மகனுடைய உடம்பு அரசருடையது, அவன் எங்கே வளர வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அரசருடையது, மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கும் அவனுக்கு வயது வரும்வரை அவர்கள் கையில். அரசர் என்றால் யார், அவரே தகப்பனில்லாத பையன், கைல்ஸைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார், அவரைச் சுற்றியும் பெரியவர்கள் நின்றுகொண்டு அவர் பேரில் கையெழுத்துப் போடுகிறார்கள், ஒரு அநாதைப் பையன் பேரில் நாட்டிலுள்ள அநாதைப் பையன்களை விற்கிறார்கள், ஆமாம், விற்கத்தான் செய்கிறார்கள், லண்டனில் அதற்கென்றே ஒரு நீதிமன்றம், முதலில் ஓடிப்போய்க் கேட்பவனுக்கு.

ரேஃப் ஏற்கெனவே ஒருவனை வாங்கினானே. லட்ஸ்டோ வீட்டுப் பையன், ஓக் மரங்கள் நின்ற மலைச்சரிவு அவனுடையது, அவனுக்கு வயது வந்தபோது சரிவில் அடிக்கட்டைகள்தான் இருந்தன, கூரை ஈயத்தைக்கூடக் கழற்றி விற்றுவிட்டார்கள், பையனை ரேஃபின் கொழுந்தியாளுக்குக் கட்டிவைத்தார்கள், அவளுக்கு அவனைவிடப் பதினைந்து வயது அதிகம், கல்யாணத்தன்று அவன் முகத்தை ஆம்புரோஸ் பார்த்தான், சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது குதிரைகள் அப்படித்தான் நிற்கும், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அன்றைக்கு மான்கறி நன்றாக இருந்தது, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்… "ரேஃபுக்கு ஆள் போயாச்சா?" என்று கேட்டான். சிசிலி, "நான் அனுப்பலை. ஆனா குதிரைக்காரங்க வாயை யாரு கட்ட முடியும்? சேதி போயிருக்கும். இந்நேரம் எங்கண்ணன் இங்க வர்றதுக்குச் சேணம் போடலைங்க, லண்டனுக்குப் போட்டிருப்பான்" என்றாள். "உன் அண்ணன்டி." "என் அண்ணன், அதனாலதான் சொல்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பாழாப்போன புல்லை யாருக்காவது குடுத்துத் தொலைங்களேன்" என்றாள்.

கொடுத்துத் தொலைக்கலாம், ஏன் முடியாது? சாகும்போது புல்வெளி தன்னுடையதாக இருந்தால்தானே பையன் போவான், சாவதற்குள் அது வேறொருவனுடையதாகிவிட்டால்? அனுமதி கேட்காமல் கொடுத்ததற்கு அரசர் அபராதம் போடுவார், போடட்டும், பையனைப் பிடிக்க முடியாது. ஆனால் உயிலில் எழுதிப் பிரயோசனமில்லை, உயில் செத்தபின்தான் வாய் திறக்கும். உயிரோடிருக்கும்போதே கொடுக்க வேண்டும், நிலத்தைக் கொடுப்பது என்றால் வாங்குபவனைக் கூட்டிக்கொண்டு அந்த நிலத்திலேயே போய் நின்று, ஒரு மண்கட்டியைப் பெயர்த்து அவன் கையில் வைக்க வேண்டும், அப்போதுதான் நிலம் கைமாறும், இந்தக் கட்டிலிலிருந்து ஆற்றோரம் வரை எப்படி… இல்லை, இன்னொரு வழி இருக்கிறது, யாரோ ஒரு கிழட்டு வக்கீல் எங்கோ ஒரு விருந்தில் சொன்னான், போக முடியாதவன் நிலத்தைப் பார்க்க முடிகிற இடத்திலிருந்து கையை நீட்டி, அதோ அந்த நிலத்தை உனக்குத் தந்தேன், போய் நுழைந்துகொள் என்று வாயால் சொன்னால் போதும், மண்கட்டியே வேண்டாம், ஒரே நிபந்தனை, கொடுத்தவன் உயிரோடிருக்கும்போதே வாங்கியவன் கால் அந்த மண்ணில் பட வேண்டும். பார்வை எட்டும் தூரம். புல்வெளி இந்த ஜன்னலிலிருந்து தெரியும்! அதற்காகத்தானே இந்த அறையைத் தனக்கென்று வைத்துக்கொண்டான், காலையில் எழுந்ததும் அதைப் பார்க்க.

"ஜன்னலைத் திற. இங்கேருந்தே பார்த்துக் குடுக்கலாம், வாங்கினவன் கால் நான் சாகறதுக்குள்ள அங்க பட்டாப் போதும்" என்றான். சிசிலி கேட்டாள், "கண்ணாடி வழியாப் பாருங்களேன். காத்து பட்டாப் போயிடுவீங்க." அந்தப் பச்சைக் கண்ணாடித் துண்டுகள் வழியாகப் பார்த்தால் உலகமே ஆற்றுக்கடியில் கிடப்பது போலத் தெரியும், நாளைக்கு விசாரணை என்று வந்து, செத்தவன் நிலத்தைப் பார்த்தானா நிழலைப் பார்த்தானா என்று கேட்டால்? "படாமலும் போவேன் சிசிலி. திற." அவள் ஜன்னலருகே போனாள். பிறகு செருகியிருந்த துணிகளை உருவினாள், ஒவ்வொன்றாக, மடித்து மடித்து வைத்துக்கொண்டு, எதற்கு மடிக்கிறாள், தாழ்ப்பாளை இழுத்தாள், காற்று வந்தது, அறுத்த புல்லின் வாசம், எவ்வளவு நன்றாக இருக்கிறது, இதுவா கொல்லும்…

யாருக்குக் கொடுப்பது? சிசிலிக்கு முடியாது, புருஷனும் பெண்டாட்டியும் சட்டத்துக்கு ஒரே ஆள், வலது கை இடது கைக்குத் தானம் செய்ய முடியுமா? கைல்ஸுக்குக் கொடுத்தால் பொறிக்குள் பையனைத் தானே தூக்கிப்போட்ட மாதிரி. வாட் இருக்கிறான், சமையல்காரி எம்மட்டின் புருஷன், இரண்டு பேரும் கதவருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், சாட்சிக்கு அவர்கள் வேண்டும். மீதி இருப்பது முக்காலியில் ஒருவர். பிறகு திருப்பித் தர வேண்டும் என்று ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு கொடுத்தால் ஏமாற்று என்று தள்ளிவிடுவார்கள், கொடுத்தால் நிஜமாகக் கொடுக்க வேண்டும், என்றைக்கும், பெண்களின் சீதனம் போயிற்று, போகட்டும், டொரத்தி கோபப்படுவாள்… பாதிரியாருக்கு ஒரு புல்வெளி. போன வருஷம்தான் கல்யாணம் செய்துகொண்டார், பாதிரியார்கள் கல்யாணம் செய்யலாம் என்று சட்டம் வந்ததும், ஊர் சிரித்தது, அவரே சிரித்தார், "மூணு வருஷத்துக்கு முன்னால செஞ்சிருந்தா தூக்குல போட்டிருப்பாங்க, இப்ப சாப்பாடு போடறாங்க" என்று. மனைவி பேர் தாம்சின். அவளுக்கு அறுவடை மாசத்தில் பிரசவம்.

அறுவடை மாசத்தில்… அந்த நினைப்பு வந்து நின்றுவிட்டது, நகர மறுக்கிறது. புல்வெளியை வாங்குகிறவன் புல்லை மட்டுமா வாங்குகிறான், அந்த வரியையும் சேர்த்துத்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவர், காலையிலிருந்து இந்த அறையில் இந்த மூச்சைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கு அவர் கழுத்தில் ஒரு சொட்டு இறங்கினால், பிறக்கப்போகிற அது, பையனோ பெண்ணோ, தொட்டிலிலேயே அரசருடையது, லண்டனில் எவனோ பேர் போட்டு வாங்கிக்கொள்வான். சொல்ல வேண்டும். சொன்னால் வாங்குவாரா? யார் வாங்குவார்கள்? சொல்லாமல் கொடுத்தால்… "சாமி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தான், அப்போது கம்பளிக்கடியில் சிசிலியின் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன, அறைந்ததைவிட வலித்தது. அவள் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அவளுக்கும் தெரியும். தாம்சினுக்குச் சின்னத் துணிகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவளே அவள்தான். "சொல்லுங்க ஐயா." "ஒண்ணுமில்லை சாமி. எங்களுக்காக ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணு தரணும்."

தூக்கி உட்காரவைத்தார்கள். கையை நீட்டினான், அது தன் கை மாதிரியே இல்லை, துவைத்துப் போட்டது மாதிரி தொங்கியது, சிசிலி முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். "அதோ, ஆத்தோரம் தெரியுற புல்வெளியை, உங்களுக்கும் உங்க வாரிசுங்களுக்கும் என்னைக்கும் தந்தேன். போய் நுழைஞ்சு எடுத்துக்கங்க." வாரிசுகள் என்று சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை, அதுதான் ஆச்சரியம். எம்மட் அழுதாள். "இவ்வளவு பெரிய தானமா எசமான்!" வாட், "கேட்டுக்கிட்டோம் எசமான், எங்க வேணா சொல்லுவோம்" என்றான். பாதிரியார் எழுந்தார், மூக்குத் துணியை அவிழ்த்தார், அவனை ஒரு தடவை பார்த்தார், "சரிங்க ஐயா" என்றார். "ஓடுங்க சாமி, நிக்காதீங்க, கால் பட்டாத்தான் செல்லும்" என்று சிசிலி விரட்டினாள். அவர் படியிறங்கும் சத்தம். பிறகு அவள் அவன் காதருகே குனிந்து, "அவர் போய்ச் சேர்றவரைக்கும் தாங்குங்க. தாங்கலைன்னாலும் பரவால்லை, எப்ப போனீங்கன்னு நான் சொல்றதுதானே" என்றாள். "எம்மட்டைச் சத்தியம் வாங்கிக் கேப்பாங்க. அவளுக்குப் பொய் சொன்னா காது சிவந்துடும்." "அப்ப செத்துத் தொலையாதீங்க" என்றாள், கால்மாட்டுக்குப் போய் அவன் பாதங்களைச் சூடுபறக்கத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கறுப்பு அங்கி வீட்டு வாசலைத் தாண்டி வெயிலில் வந்தது, பாதையில் இறங்கியது, ஓடினார், நிஜமாகவே ஓடினார், அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்க்கச் சிரிப்பாக இருக்க வேண்டும், கைல்ஸ் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவிட்டு நின்றான், இன்னும் கொஞ்சம், வேலியோரம், தூக்கம் வருகிறது, கண்ணுக்குள் மணல் கொட்டியது போல, இல்லை, அதோ கதவு, ஆற்றோரப் புல்வெளியின் மரக்கதவு, அதைத் தள்ளி ஒரு கால் வைத்தால் போதும், ஒரே ஒரு கால், பையன் அம்மாவிடம் இருப்பான்… பாதிரியார் கதவருகே வந்து நின்றார். இளைப்பாறுகிறார். பாவம், பருத்த உடம்பு. கதவின்மேல் கை வைத்தார். வைத்தபடியே நின்றார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே யாராவது இருக்கிறார்களா, இல்லையே, அறுப்பவர்கள் காலையிலேயே ஓடிவிட்டார்களே, வெறும் புல்தானே, பாதி அறுத்தும் பாதி நின்றும்… ஏன் நிற்கிறார்? இப்போது திரும்பி வீட்டைப் பார்க்கிறார், இந்த ஜன்னலை. இவ்வளவு பெரிய தானத்தை வாங்கிக்கொண்ட மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. ஆன்மா யாருக்கு என்பதற்கே அத்தனை கேள்வி கேட்டவர்.

"நுழைஞ்சிட்டாரா?" என்றாள் சிசிலி, பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தாமல், அங்கிருந்து அவளுக்கு ஜன்னல் தெரியாது.

தைரியம் வரட்டும் என்று நிற்கிறாரா, ஜெபம் சொல்கிறாரா, இல்லை, வேறெதற்காவது காத்துக்கொண்டிருக்கிறாரா, இந்த ஜன்னலிலிருந்து யாராவது அழும் சத்தம் கேட்கட்டும் என்று, கேட்டபிறகு உள்ளே போனால் புல்வெளியும் வராது, அந்த வரியும் வராது, ஓடினேன், நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று சொல்லிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்… கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஒன்று வரப்போகிறது. அவர் நிற்கும் இடத்தில் தான் நின்றிருந்தால் என்று நினைத்துப் பார்த்தான், கதவின்மேல் கை, மறுபக்கம் அந்த ஈரப் புல், பின்னால் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், தானும் அங்கேயேதான் நின்றிருப்பான், தொப்பியைக்கூடக் கழற்றியிருப்பான்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன். நுழைஞ்சிட்டாரா?"